நாலு காலும் நாலு நீளம்

அவர் எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டார். கேட்டவருக்கு விளங்கியதா, காதில் விழுந்ததா என்று முகத்தைப் பார்க்கவும் மாட்டார். றக்வானவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் இருபத்தாறு வருடம் படிப்பித்தவன் நான். ஒரே கணக்கை ஒரே வகுப்புக்கு ஏழெட்டுத் தடவை சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அதனால் அவருடைய அந்தப் பழக்கம் எனக்கு வெகுகாலம் திமிராகவே தெரிந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நான் அவருக்குச் செய்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்குள் அவர் பெயரை இழுக்க வேண்டாம். தவிர, அவர் பெயர் என்ன என்பதே தோட்டத்தில் குழப்பம். பேர் பதிந்த அன்று கிளாக்கர் கேட்டார், இவர் ஒரு தடவை சொன்னார். கிளாக்கர் காதில் வேறு எதுவோ விழ, வேலையாட்களின் பெயர்ப் பட்டியலான செக்ரோலில் அந்த வேறு பெயர் ஏறிவிட்டது. அதன்பிறகு இருபது வருடம், தினமும் காலையில், யாருடையதோ ஒரு பெயருக்கு இவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து வேலைக்குப் போனார்.

"திருத்தச் சொல்லியிருக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொதத் தடவ சொல்றது சேதி மாஸ்டர். ரெண்டாவது தடவ சொன்னா அது கெஞ்சல்" என்றார்.

ஊரார் அவரைப் பாஸம்மா என்று அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தச்சருக்கும் கொத்தனாருக்கும் சிங்களத்திலும் தமிழிலும் பாஸ் என்றுதான் பெயர். அவருடைய கணவர் தோட்டத்துத் தச்சர். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு இவர் கணவருக்கு மரம் அறுக்கும் வாளின் மறுமுனையைப் பிடிப்பார். கணவர் இறந்தபின் இரண்டு முனையும் இவர் கைக்கு வந்தன. ஆரம்பத்தில் கேலிக்குத்தான் பாஸம்மா என்றார்கள். இவர் போட்ட கதவுகள் ஐப்பசி மழையிலும் உப்பாமல் சாத்தத் தொடங்கியதும் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது.

நான் அவரை முதலில் அறிந்தது ஒரு மாணவியின் தாயாக. பெற்றோர் கூட்டத்தன்று வாசலில் நின்றபடி, "எம் மகளுக்குப் பலக தெரியல மாஸ்டர்" என்றுவிட்டுப் போனார். நான் அன்று முப்பது பேரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுவதும் கடைசி வாங்கில் உட்கார்ந்து, எல்லாப் பாடத்திலும் தோற்றது. மறு வருடம் கண் பரிசோதிக்க வந்த ஆட்கள்தான் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். நான் பதறிப்போய் அவரிடம், "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது.

அப்போதே நான் பாடம் படித்திருக்க வேண்டும்.

*

அவருடைய வேலைமுறையைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் நேரான தரை கிடையாது. சீமெந்து பூசிய தரையும் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். வாசலுக்கு வாட்டமாக வேறு இருக்கும். அதனால் அவர் கட்டிலோ மேசையோ செய்தால் காலைக் கடைசியில்தான் வெட்டுவார். சாமானை அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து, காலுக்கு அடியில் மரச் சிறாய் கொடுத்து, மேலே ஒரு சோசரில் தண்ணீர் ஊற்றி வைப்பார். தண்ணீர் சோசரின் விளிம்பைச் சுற்றிச் சமமாக நிற்கும்வரை சிறாய்களை மாற்றுவார். பிறகு ஒரு நெருப்புப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் பென்சிலை வைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு இழுப்பார். கோட்டில் அறுத்தால், கால்கள் நாலும் நாலு நீளமாக இருக்கும், சாமான் அசையாது.

லயத்து அறைக்கு அது சரியான முறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு கட்டிலுக்கு ஓர் இடம்தான் உண்டு, யாரும் நகர்த்தமாட்டார்கள். வீடு மாறினால் அவரைக் கூப்பிடுவார்கள், வந்து மறுபடி வெட்டிக் கொடுப்பார். "பாஸம்மா கட்டிலு நாலு வீடு மாறுனா பாயாயிரும்" என்று பையன்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் லயத்தில் பிறந்தவன்தான். எங்கள் வீட்டு மேசைக்கும் ஒரு கால் கட்டை. இது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

*

ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் இருவரும் கனடாவில் நிலைத்துவிட்ட பிறகு, நான் றக்வானத் துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் பத்திரிகை, மாலையில் பஸ் தரிப்பிடம்வரை ஒரு நடை. ஒரு நாளில் நான் பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தக் காலத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பையன் வந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். தோட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கொழுந்து மடுவத்தைக் குத்தகைக்கு எடுத்து கஃபே திறக்கப்போவதாகச் சொன்னான். அந்த மடுவத்தில் ஒரு காலத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்று கொழுந்து நிறுப்பார்கள். சிங்கராஜக் காட்டுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் அந்த வழியால்தான் போவார்கள். மடுவத்தின் கருங்கல் தரையை அப்படியே வைத்திருப்பதில் அவன் உறுதியாக இருந்தான். பழைய கதைகள் தெரிந்த ஆள் வேண்டுமென்று யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள்.

அவன் என்னை 'அங்கிள்' என்று அழைத்தான். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒருவன் என் எதிரில் உட்கார்ந்து, நான் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். என் ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்கவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவன் மாதத்தில் ஒரு தடவைதான் வருவான். மற்ற நாட்களில் வட்ஸ்அப்பில் எழுதுவான். அந்த 'டிங்' சத்தத்துக்காக நான் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

வருகிறவர்கள் உட்காரும் கதிரைகள் செய்ய ஆள் தேடினான். பாஸம்மாவைச் சொன்னது நான்தான். அதை மட்டும் நல்ல எண்ணத்தோடு செய்தேன். முதலில் மாதிரிக்கு ஒன்று செய்யட்டும், பிடித்தால் பன்னிரண்டு கதிரைக்கு எழுத்தில் ஓடர் தருகிறேன் என்றான்.

பாஸம்மாவுக்கு அந்த எழுத்துதான் முக்கியம். அவர் வேலை செய்தது லயத்து வாசலில், ஆறடி இடத்தில். மழை வந்தால் வேலை நின்றுவிடும். மரத்தூள் பக்கத்து வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று தினமும் சண்டை. தோட்டத்தில் புதுப் பிள்ளை மடுவம் கட்டியதால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய மடுவம் பூட்டிக் கிடந்தது. அதைத் தொழிற்கூடமாகத் தரும்படி அவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டிருந்தார். "ஓடர் லெட்டர் ஒன்னு கொண்டா, சாவியத் தாறேன்" என்று துரை சொல்லியிருந்தார். ஒருநாள் பாஸம்மா என்னை அழைத்துப்போய், பூட்டிய சன்னல் வழியாக உள்ளே காட்டினார்.

"அந்த மூலையில வேல மேச. இந்தப் பக்கம் மரம் அடுக்கலாம். வெளிச்சம் பாருங்க, சாயங்காலம் வரைக்கும் நிக்குது."

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்கு முதன்முதலாகத் தனக்கென்று ஓர் அறை கிடைக்கப்போகிறது. அவர் குரல் மாறியிருந்தது.

*

பையன் ஒரு படம் அனுப்பினான். மெல்லிய கால்கள் வைத்த ஏதோ ஒரு ஐரோப்பியக் கதிரை. பாஸம்மா என் போனை வாங்கித் தூர வைத்துப் பார்த்தார்.

"இதுல ஒக்காந்தா எழும்பணும்னுதான் தோணும்" என்றார். பிறகு, "அங்க வாறவங்க எவ்வளவு நேரம் ஒக்காருவாங்கன்னு கேளுங்க."

எழுதிக் கேட்டேன். கணினியோடு வருகிறவர்கள் இரண்டு மணித்தியாலம் இருப்பார்கள் என்று பதில் வந்தது.

"ரெண்டு மணித்தியாலமா! அந்த மடுவத்துல நாங்க ஒரு நிமிசம் கூடையக் கீழ வைக்கப் பட்ட பாடு" என்று சிரித்தார்.

மறுநாள் என்னைப் பஸ் தரிப்பிடத்துக்கு வரச் சொன்னார். அங்கே முதுகில் பெரிய பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாஸம்மா மடியிலிருந்து ஒரு நூலை எடுத்தார்.

"அந்த சுது நோனாகிட்ட கேளுங்க மாஸ்டர், முட்டிக்குக் கீழ அளந்துக்கலாமான்னு."

"என்னம்மா பேசுறீங்க? பொலிசுக்குப் போன் பண்ணிறப் போறா!"

அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. நூலைப் பிடித்தபடி நின்றார். வேறு வழியில்லாமல் போய்க் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "என்னா பாஸம்மா, தையக்கடையும் தொறந்துட்டீங்களா?" என்று கத்தினான்.

"ஒனக்கு ஒரு வாய்க்கட்டு தைக்கணும். வா, அளக்கிறேன்" என்றார் பாஸம்மா, நிமிராமலே.

பிறகு நூலில் போட்ட முடிச்சை எனக்குக் காட்டினார். "நோனா முட்டி நம்ம பொம்பளைங்க முட்டிய விட மூணு விரக்கட ஒசரம். அவங்க அளவுக்குச் செஞ்சா நமக்குக் காலு தொங்கும். முன்னால கீழ ஒரு சட்டம் குடுக்கிறேன், நம்ம ஆளுங்க கால வச்சுக்கலாம்."

"நம்ம ஆள் யாரும்மா அங்க போய் உட்காரப் போறாங்க?"

"ஏன், நீங்க வரமாட்டீங்களா?"

நான் எனக்குள் என்னை அந்தக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

காற்றில் விழுந்த சபுக்கு மரம் ஒன்றைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினார். தேயிலைக்கு நிழலுக்காக நடுகிற மரம்; அறுத்தால் உள்ளே மீன் செதில் போலப் புள்ளி மின்னும். ஆறு வாரம் எடுத்தார். முதுகுச் சட்டங்களை நடுவில் சற்றே குழித்திருந்தார். கூடை சுமந்தவர்களுக்கு முதுகில் எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கதிரை சரியாக அந்த இடத்தில் வந்து முட்டுக்கொடுத்தது. ஆணி ஒன்றுகூட இல்லை. மரத்துக்குள் மரம்தான் பிடித்து நின்றது. நான் என் வாழ்நாளில் உட்கார்ந்த கதிரைகளில் அதற்கு இணை கிடையாது. இதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை.

*

கால்களை வெட்டிய அன்று மடுவத்தில் அவர், நான், காவலுக்கு இருந்த வாச்சர் மூன்று பேர்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வடிந்து போவதற்காக அந்தக் கருங்கல் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. மலையைப் பார்க்கிற சன்னல் பக்கம் கதிரையை வைத்து, சோசரில் தண்ணீர் ஊற்றி, அரை நாள் வேலை செய்தார். முடிந்ததும் உளியால் தரைக் கல்லில், நாலு கால் நிற்கும் இடத்திலும் நாலு சிறு சிலுவைக் கோடு கீறினார். கதிரையை நானும் வாச்சரும் மாறிமாறி ஆட்டிப் பார்த்தோம். தரையிலிருந்தே முளைத்ததுபோல நின்றது.

"தம்பிக்கு எழுதிருங்க மாஸ்டர்" என்றார். "எண்ணெ பூசியிருக்கு, ஈரத் துணியால தொடைக்க வேணாம். வெயில்ல போட வேணாம். இது இந்த எடத்து நாக்காலி. எடம் மாத்தணும்னா, திருப்பிப் போடணும்னாகூட, எனக்குச் சொல்லட்டும், வந்து காலப் பாத்துக் குடுக்கிறேன். மத்த பன்னெண்டும் அப்பிடித்தான், ஒவ்வொன்னும் எங்க போடப்போறாங்கன்னு சொன்னாப் போதும்."

அங்கேயே வாசற்படியில் இருந்து எழுதினேன். எண்ணெய், ஈரத்துணி, வெயில் எல்லாம் எழுதினேன். கடைசி விஷயத்தையும் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அது ஏதோ சாமியாடி குறி சொன்னதுபோல இருந்தது. இந்தக் கதிரை இந்த இடத்துக்கு உரியது, அசைக்காதீர்கள். அந்தப் பையன் இதை நண்பர்களுக்குக் காட்டிச் சிரிப்பான் என்று தோன்றியது. சிரித்தால் என்னையும் சேர்த்துத்தான். நான் அவனிடம் இதுவரை தேயிலையின் சரித்திரம் பேசிய அங்கிள். லயத்து அறைக்குக் கட்டில் செய்கிற பழக்கத்தை ஒரு கஃபேயில் கொண்டுவந்து வைக்கிற ஆளாக அவன் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை. அந்த வரிகளை அழித்தேன். நேரில் வரும்போது பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "எல்லாம் எழுதியாச்சும்மா."

பையன் நேரில் வந்தான். இரண்டு மணிநேரம் பேசினோம். நான் அதைச் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். பாஸம்மாவையும் அழைத்திருந்தார்கள், கொழுந்துக்குப் போகவேண்டியிருந்ததால் அவர் வரவில்லை. அவன் தன் தாயை அந்தக் கதிரையில் இருத்திப் படம் எடுக்க விரும்பினான். சன்னல் பக்கம் வெளிச்சம் போதாதென்று கதிரையைத் தூக்கி வாசல் பக்கம் கொண்டுவந்து, வெளியே பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். என் கண் முன்னால்தான். வாய்வரை வந்தது. யாரோ என்னிடம் ஒரு கோப்பைத் தேநீரைத் தந்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

வாசலுக்கு முதுகு காட்டி நின்றபோது சமமாக இருந்த இருக்கை, தரைச் சரிவை நோக்கித் திருப்பிப் போட்டதால் முன்பக்கம் இரட்டிப்பாகச் சரிந்தது. ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா கோப்பையும் கையுமாக உட்கார்ந்தார். கதிரை ஒரு ஆட்டம் ஆடியது. அவர் வழுக்கிக்கொண்டே தரைக்குப் போனார். சூடான தேநீர் முழுவதும் சேலையில். பெரிய காயமில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவர் அழுதுவிட்டார். பையன் எங்கிருந்தோ அளவு நாடா கொண்டுவந்து கால்களை அளந்தான்.

"அங்கிள், நாலு காலும் நாலு நீளம்! நாலு காலை ஒரே அளவுக்கு வெட்டத் தெரியாதவரையா எனக்குச் சொன்னீங்க?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. "பாவம், படிக்காத பொம்பிளை" என்றேன். ஆங்கிலத்தில் அது இன்னும் நாகரிகமாக ஒலித்தது.

*

ஓடர் மரச் சாமானுக்குப் பேர்போன மொறட்டுவைக்குப் போயிற்று. மாதிரிக் கதிரை ஓட்டோவில் திரும்பி வந்தது. நான் போனபோது பாஸம்மா அதை லயத்து வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை வாச்சர் சொல்லியிருந்தான்.

"சொல்லித்தானே குடுத்தோம் மாஸ்டர்" என்றார். "பெரிய எடத்து ஆளுங்க. சொன்னாக் கேக்கணும்னு அவங்களுக்கு என்ன."

அதுதான் நான் வாய் திறந்திருக்க வேண்டிய நேரம். தலையாட்டினேன். அன்றிலிருந்து அவர் மனதில் குற்றவாளி அந்தப் பையன். அவன் மனதில் குற்றவாளி இவர். இருவருக்கும் நடுவில் நான் நல்லவனாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கதிரையைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு என் அறைக்கு வந்தார். "நீங்கதான் எங்களுக்காக ஓடுனீங்க, எழுதுனீங்க. இது ஒங்களுக்கு" என்றார். என் சோசரையே கேட்டு வாங்கி, என் மேசைக்கு முன்னால் கதிரையை வைத்து, என் தரைக்கு ஏற்றபடி கால்களை மறுபடி வெட்டினார். ஒரு மணி நேரம் என் காலடியில் முழந்தாளிட்டு வேலை செய்தார். அது இன்றும் ஆடாமல் நிற்கிறது. நான் அதில் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

பழைய பிள்ளை மடுவத்தில் உர மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டார் தொல்லை தாங்காமல் அவர் வாசல் வேலையையும் விட்டார். கஹவத்தைப் பக்கம் ஒரு மர ஆலையில் பலகைக்கு மணற்தாள் தேய்க்கும் வேலைக்கு பஸ்ஸில் போய்வரத் தொடங்கினார்.

இன்னொன்றும் இருக்கிறது. சில மாதம் கழித்துப் பையன் என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினான். "அங்கிள், இந்த நாலு சிலுவை என்ன?" சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. "பழைய தராசு நின்ற இடமாக இருக்கலாம்" என்றேன். அவன் துள்ளிக் குதித்தான். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு சிறு பலகையும் எழுதி வைத்தான். வருகிறவர்கள் குனிந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

*

இப்படி மூன்று வருடம் போயிற்று. ஒரு நாள் கஹவத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு றக்வான பஸ்ஸில் ஏறினேன். நிற்கவே இடமில்லை. "மாஸ்டர், ஒக்காருங்க" என்ற குரல். பாஸம்மா எழுந்து நின்றார். தலையெல்லாம் மரத்தூள். நாள் முழுவதும் நின்று வேலை செய்தவர். வேண்டாம் என்றேன். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. இருக்கையையும் வேறு யாருக்கும் விடவில்லை. கடைசியில் நான் உட்கார்ந்தேன். அத்தனை வளைவுக்கும் அவர் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் ஆலை வாசலுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். ஒரு மரக் குற்றியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரிகள், "படிக்காத பொம்பிளை", தராசுப் பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சோற்றுப் பொட்டலத்தை மடித்தார்.

"அப்ப அந்தத் தம்பிக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"தெரியாமத்தான் நகத்தியிருக்காங்க." மடித்த பொட்டலத்தைக் குற்றியில் வைத்தார். "மூணு வருசமா அந்தப் புள்ளயத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்கிட்ட வந்து சொல்லி என்னா மாஸ்டர்? அந்தத் தம்பிகிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

கஃபேக்குப் போக எனக்கு மேலும் ஒன்றரை மாதம் பிடித்தது. பையன் இப்போது கொஞ்சம் தடித்திருந்தான். அன்போடு வரவேற்று, தேநீருக்குச் சொன்னான். நான் தேநீரைத் தொடாமல் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நெற்றியைச் சுருக்கினான்.

"எந்தக் கதிரை அங்கிள்?"

விவரித்தேன். சபுக்கு மரம், முன்னால் கீழே ஒரு சட்டம், உங்கள் அம்மா விழுந்தது.

"ஓ, அம்மா விழுந்தாங்க, ஆமா! அது இங்கே செய்த கதிரையா? அது எப்போதோ நடந்தது, விடுங்க அங்கிள்." சிரித்தான். பிறகு அந்தச் சிலுவைகளைப் பற்றிச் சொன்னதும் மட்டும் சிரிப்பு நின்றது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அதை மட்டும் வேறு யாருக்கும் சொல்லாதீங்க. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறாங்க."

அந்தப் பெண்மணி இன்னும் வேலை செய்கிறார், மிக நன்றாகச் செய்வார், ஏதாவது செய்யக் கொடுக்கலாம் என்றேன். இப்போது எதுவும் தேவையில்லை, தேவைப்பட்டால் எழுதுகிறேன் என்றான். அவனிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கதவுவரை வந்து வழியனுப்பினான்.

அடுத்த நாளே மறுபடி ஆலை வாசலில் நின்றேன். சங்கு ஊதி, ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டேம்மா" என்றேன். "அவனுக்கு அந்தக் கதிரையே ஞாபகம் இல்லை."

அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். எங்கேயோ பார்த்தார்.

"ஒங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல" என்றார். பிறகு, "இருக்கட்டும் மாஸ்டர்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். வாள் ஓடத் தொடங்கிய இரைச்சலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மார்கழியிலேயே மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். விலாசம் யாரிடமும் இல்லை.

பிறந்ததிலிருந்து தமிழில் வாழ்ந்து, இருபத்தாறு வருடம் தமிழிலேயே படிப்பித்தவன் நான். இருக்கட்டும் என்றால், பரவாயில்லை, போகட்டும், விட்டுவிடுங்கள் என்று பொருள். இருக்கட்டும் என்றால், அது அங்கேயே இருக்கட்டும், உங்களிடமே இருக்கட்டும் என்றும் பொருள். எந்தப் பொருளில் சொன்னீர்கள் என்று அன்று நான் பின்னால் ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.